மூன்றாவது உபசாரம்

சல்கிமேனி ஊரின் ஜெபவீடு ஒரு காலத்தில் கூட்டுப்பண்ணையின் புகையிலைக் கிடங்காக இருந்தது. சோவியத் போயிற்று, பண்ணை போயிற்று, புகையிலையும் போயிற்று; வாசனை மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பாட்டின் இரண்டாவது சரணம் வந்ததும் சபை மொத்தமும் தும்மும். பாட்டு நடத்துகிறவர் பல வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தும்மலையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார். வெளியூர்ச் சபைகள் அதே பாட்டைத் தும்மாமல் பாடுவதைக் கேட்டால், சல்கிமேனிக்காரர்களுக்கு ஏதோ ஒரு வரியை விட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஜெபவீட்டின் பின்னறையில் ஒரு சமையற்கட்டு. அது மூப்பர் பிலிமோனின் பொறுப்பு. மால்டோவாவில் கைகால் திடமாக இருக்கிறவர்கள் இத்தாலிக்கும் மாஸ்கோவுக்கும் போய்விட, ஊரில் மிஞ்சியது பெரும்பாலும் கிழடு கட்டைகளும் அவர்களுடைய கோழிகளும்தான். அந்தக் கிழடுகளுக்கு மத்தியானம் ஒரு வேளை சூடாக பீன்ஸ் சூப்பும் சோளக்களியும் போடுவது சபையின் ஊழியம். பீன்ஸ், மாவு, எண்ணெய் வாங்க ஹாலந்தில் ஒரு கூட்டாளிச் சபை உதவி செய்தது. ஆக, சமைக்கப் பெண்கள் உண்டு, பண்டம் உண்டு, தின்ன வாய் உண்டு. இல்லாதது அடுப்பு.

இருந்த அடுப்பு பண்ணைக்காலத்து இரும்பு. ஒரு வண்டி விறகைத் தின்றுவிட்டு ஒரு பூனை அளவுக்குச் சூடு கொடுக்கும். போன குளிர்காலத்தில் அதுவும் வெடித்துப்போயிற்று. அதன்மேல் படுத்துப் பழகிய பூனை ஒருநாள் எழுந்து போய் ஜன்னலோரத்துப் பனியில் படுத்துக்கொண்டது. அங்கே கொஞ்சம் கதகதப்பாக இருந்ததாம். சமையல் நின்றது. பிப்ரவரியில் பிலிமோன், கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத பிந்தீலிக் கிழவரைத் தேடிப் போனபோது, அவர் படுக்கையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து பச்சைச் சோளமாவைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார்.

"வா பிலிமோன். உனக்கும் ஒரு கரண்டி போடவா? வேகலைன்னா என்ன, வயித்துக்குள்ள வெந்துக்கும்" என்றார் பிந்தீலி.

பிலிமோன் சிரித்தார். வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த குளிருக்குள் அடுப்பு இல்லாமல் விடுவதில்லை என்று அந்த வேலிக்கு வாக்குக் கொடுத்தார். பிறகு ஹாலந்துக்கு எழுதினார்.

அக்டோபரில் பதில் வந்தது. அங்கே மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய சமையல் அடுப்பு இருக்கிறது. சமைக்கும், கூடவே கூடம் முழுவதையும் சூடாக்கும். ஆனால் அடுப்பு ஒன்று, கேட்டவர்கள் இரண்டு பேர். சல்கிமேனி கேட்டது, குன்றுக்கு அந்தப் பக்கத்துக் கிந்தேனிச் சபையும் கேட்டிருக்கிறது. ஆகவே கமிட்டித் தலைவி வில்லெமின் அம்மாவும் அவர் கணவர் ஹெங்கும் நேரில் வந்து இரண்டு ஊரையும் பார்த்து, எங்கே இல்லாமை அதிகமோ அங்கே கொடுப்பார்கள்.

கிந்தேனி என்ற பெயரைப் பார்த்ததும் பிலிமோனுக்குக் காது சிவந்தது. அந்தக் காலத்தில் ரோடு அளக்க வந்த எஞ்சினியருக்குச் சல்கிமேனிக்காரர்கள் கோழி அடித்துப் போட்டார்கள். கிந்தேனிக்காரர்கள் பன்றியே அடித்துப் போட்டார்கள். தார்ரோடு குன்றின் உச்சி வரை வந்து, அப்படியே வலதுபக்கம் திரும்பிக் கிந்தேனிக்குப் போய்விட்டது. சல்கிமேனிக்குச் சேறு கிடைத்தது. அது சாதாரணச் சேறு இல்லை. அதில் இறங்கிய ஒரு டிராக்டரின் புகைக்குழாய் மட்டும் கோடையில் தெரியும். மழைக்காலத்தில் அதுவும் தெரியாது. கிந்தேனிச் சபையின் மூப்பர் திரிபான், பிலிமோனோடு பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்தவன். ரோடு திரும்பிய நாளிலிருந்து, பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பான்: "சேறு சௌக்கியமா?"

பிலிமோனுக்கு ஹாலந்துக்காரர்களைத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் கூட்டாளிச் சபை அவரை விருந்தாளியாக அழைத்திருந்தது. போன முதல்நாளே பிஸ்கட் டப்பாவை நீட்டினார்கள். இவர் மரியாதையாக "வேண்டாம்" என்றார்.

மால்டோவாவில் ஒன்றை முதல் தடவை நீட்டுவது மரியாதை. மறுப்பது பதில் மரியாதை. இரண்டாம் தடவை நீட்டுவது பழக்கத்துக்காக, மறுப்பதும் பழக்கத்துக்காக. மூன்றாம் தடவை நீட்டினால்தான் கொடுக்கிறவன் மெய்யாகவே கொடுக்கிறான். அதை மறுக்கிறவன் மனிதனில் சேர்த்தி இல்லை, சொன்ன பிறகு பின்வாங்குகிறவன் அவனுக்கும் கீழே. அங்கே பால்குடிக் குழந்தைகூட இரண்டு தடவை தலையை ஆட்டி மறுத்துவிட்டுத்தான் குடிக்கும்.

ஹாலந்துக்காரர்கள் அப்படி இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மத்தியானம் ரொட்டியை நீட்டினார்கள். அதுவும் ஒரே தடவை. இரவு சூப்பு, ஒரே தடவை. அவரும் வளர்ந்த விதத்தை விடமாட்டார், அவர்களும் விடவில்லை. ஊர் திரும்பும்போது எல்லைக் காவலன் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் வரலையா?" என்று கேட்டான்.

ஆகவே பிலிமோனுக்குத் தெளிவாகத் தெரிந்தது: அவர்கள் கண்ணால் பார்ப்பதை அப்படியே நம்புகிறவர்கள். இல்லை என்றால் இல்லாததைக் காட்ட வேண்டும். அவர் சபைப் பெண்களைக் கூட்டினார். மனைவி அக்சீனியா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எவ்தோக்கியா அக்கா.

"தங்கச்சிங்களா, அக்காமார்களா, ஒரே ஒரு விஷயம்" என்றார் பிலிமோன். "வர்றவங்களுக்கு நாம தினம் போட்டுட்டிருந்த சாப்பாட்டைத்தான் போடணும். பீன்ஸ் சூப்பு. களி. அவ்வளவுதான்."

கிடங்கில் யாரோ ஒருத்தி தும்மினாள்.

"விருந்தாளிக்கா?" என்றாள் அக்சீனியா.

"விருந்தாளிக்குத்தான்."

"ஹாலந்துலேர்ந்து வர்றவங்களுக்கு?"

"ஆமா."

"உங்களை அங்க பட்டினி போட்டாங்கன்னு பழி வாங்கப் பாக்குறீங்களா?"

"ஐயோ, அது இல்லடி. நம்ம கஷ்டத்தை அவங்க பாக்கணும். பாத்தாதானே அடுப்பு வரும்."

எவ்தோக்கியா அக்கா கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். "தம்பி, எஞ்சினியருக்குக் கோழி போட்டோம். ரோடு போச்சு. இப்ப இவங்களுக்கு பீன்ஸைப் போட்டா, இருக்கிற சேறும் போயிடும்."

"அக்கா, அது சோவியத் காலம். பாக்க வந்தவனோட வயித்தைப் பாத்து வேலை நடந்துச்சு. இவங்க வேற மாதிரி."

"வயிறு எல்லா நாட்டுலயும் ஒரே இடத்துலதான் இருக்கு" என்றாள் எவ்தோக்கியா.

பிலிமோன் வேதத்திலிருந்து ஏழை விதவையின் காணிக்கையை எடுத்துச் சொன்னார். கெஞ்சினார். கடைசியில் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக வாக்கு வாங்கினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியது அவருடைய தவறு. கட்டிய மனைவியின் தலையாட்டலையாவது அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

விருந்தாளிகள் வந்தார்கள். வில்லெமின் அம்மா நெட்டையாக, நரைத்த கிராப்போடு, எதையும் இரண்டு தடவை பார்க்கும் கண்ணோடு இருந்தார். ஹெங்க் பள்ளிக்கூடங்களில் சூடேற்றும் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் அளவு நாடா இல்லாமல் ஜெபம்கூடப் பண்ணமாட்டார். ஊர்ப் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் வேத்தா டீச்சர் இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மாற்றிச் சொன்னாள்.

பிலிமோன் அவர்களை உடைந்த அடுப்பிடம் அழைத்துப்போனார். அடுப்பு தன் பங்கைச் சரியாகச் செய்தது. ஹெங்க் தொட்டதும் கதவு கழன்று கையோடு வந்தது. பிலிமோனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்ப நம்ம ஏழைச் சாப்பாட்டைச் சாப்பிடலாம்" என்று சாப்பாட்டு அறையின் கதவைத் திறந்தார்.

மேஜையைக் காணவில்லை. சாப்பாடு மட்டும்தான் தெரிந்தது.

ஒவ்வொருத்தியும் வாக்கை மீறாமல்தான் இருந்தாள். எல்லோருடைய வீட்டிலிருந்தும் பீன்ஸ் சூப்பு வந்திருந்தது. கூடவே, விருந்தாளி முகம் வாடக்கூடாதே என்று, ஒவ்வொருத்தியும் யாருக்கும் சொல்லாமல் சின்னதாக ஒன்றே ஒன்று செய்துகொண்டு வந்திருந்தாள். திராட்சை இலையில் சுருட்டிய கறிச்சோறு கோபுரமாக நின்றது. புளிப்புக் கோழி ரசம் அண்டாவில் வந்திருந்தது. பாலாடைக்கட்டி அடைகளின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தொப்பி மட்டும் தெரிந்தது. இந்தச் சபைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும் ஊரின் பழைய ஆர்த்தடாக்ஸ் கோயில் பாதிரியாரின் மனைவிகூட ஒரு பூசணி அடை அனுப்பியிருந்தாள். ஊர் மானத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை.

நடுவில், பொன்னிறமாக, கால்களை மேலே நீட்டிக்கொண்டு, பிரிகேடியர் கிடந்தான்.

பிரிகேடியர் என்பது எவ்தோக்கியா அக்காவின் ஆண் வாத்து. பண்ணைத் தலைவர்கள் இரண்டு பேரையும் ஒரு வரி அதிகாரியையும் கடித்து வேலையை விட்டே ஓடவைத்தவன். மகன்கள் இருவரும் இத்தாலிக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு பேசிக்கொண்டிருந்த ஒரே ஜீவன். பிலிமோன் வாத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் வேகாம இருக்கும். பிடிவாதக்காரன்" என்றாள்.

ஹாலந்தில் தட்டைக் காலி பண்ணுவது மரியாதை. மால்டோவாவில் காலித் தட்டு என்றால் பசி. ஆகவே ஹெங்க் காலி பண்ணப் பண்ண அக்சீனியா நிரப்பினாள். அவள் நிரப்ப நிரப்ப அவர் காலி பண்ணினார். இரண்டு நாட்டு நல்ல வளர்ப்பும் அந்தத் தட்டில் மோதிக்கொண்டன. கடைசியில் அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் வில்லெமின் அம்மா எழுந்து பேசினார். வேத்தா மாற்றிச் சொன்னாள்: "எங்க ஊர்க் கல்யாணத்துலகூட இப்படி ஒரு மேஜையை நான் பாத்ததில்லை. கஷ்டப்படுற ஊருன்னு நினைச்சு வந்தேன். கடவுள் உங்களுக்கு நிறையக் குடுத்திருக்கார். ரொம்ப சந்தோஷம்."

பெண்கள் பூரித்துப்போனார்கள். பிலிமோனின் காதில் மட்டும், ஒரு பெரிய இரும்பு அடுப்பு குன்றேறி வலதுபக்கம் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"முடிச்சிட்டீங்கடி" என்றார் மனைவியிடம், பாத்திரம் கழுவுமிடத்தில்.

"என்ன முடிச்சோம்? அந்தம்மா கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பாத்தீங்கல்ல? அடுப்பு நமக்குத்தான்."

"கண்ணுல தண்ணி மிளகாய் ஊறுகாயால வந்துச்சு."

"அதுவும் நான் போட்டதுதான்" என்றாள் அக்சீனியா.

வில்லெமினும் ஹெங்கும் எவ்தோக்கியா வீட்டில், விருந்தாளிக்கென்றே பூட்டி வைத்திருக்கும் நல்ல அறையில் தங்கினார்கள். மறுநாள் காலை கிந்தேனிக்குப் புறப்பட்டபோது வழிகாட்ட என்று சொல்லி பிலிமோனும் காரில் ஏறிக்கொண்டார். வழி தெரியாமல் போக அங்கே ஒன்றுமில்லை. உச்சியிலிருந்து தார்ரோடு அதுவே கொண்டுபோய் விடும். அவர் போனது வேறு காரியமாக. திரிபானை அவருக்குத் தெரியும். ரோட்டுக்குப் பன்றி அடித்தவன் அடுப்புக்கு என்ன செய்வான்? பன்றியை ஒளித்து வைப்பான். பெண்களையும் நல்ல பண்டங்களையும் பின்கட்டில் பூட்டிவிட்டு, முன்னால் தண்ணீர்ச் சூப்பை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவான். அதைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு பண்ணியிருந்தார்.

கிந்தேனிச் சபை பழைய பாலர் பள்ளிக் கட்டடத்தில் இருந்தது. சுவரெல்லாம் முள்ளம்பன்றியும் காளானும் வரைந்திருந்தது. வாசலில் திரிபான் டை கட்டிக்கொண்டு நின்றான். அதைக் கடைசியாக அவன் கட்டியது அவனுடைய கல்யாணத்தில்.

"வாடா பிலிமோன். சேறு சௌக்கியமா?"

"சௌக்கியம். உன் பன்றி சௌக்கியமா?"

"எந்தப் பன்றிடா?"

"தெரியாத மாதிரி கேளு" என்றார் பிலிமோன்.

உள்ளே நீளமான ஒரு மேஜை. குழந்தைகளுக்கானது, உட்கார்ந்தவர்களின் முழங்கால் காதைத் தொட்டது. மேஜைமேல் ஒரு பானைச் சூப்பு, ஒரு களி, காகிதப் பூக்கள் வைத்த ஜாடி, நடுவில் ஒரு மீன் டப்பா. அவ்வளவுதான். பிலிமோன் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். திருடன், சரியாகத்தான் செய்திருக்கிறான். கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு நழுவினார்.

பின்கட்டில் பெண்கள் யாரும் இல்லை. ஏப்ரன் கட்டிய மூன்று கிழவர்கள் நின்றார்கள். ஒருவர் விரலில் துணி சுற்றியிருந்தது. மூலையில் ஒரு போர்வையைப் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். பிடித்துவிட்டேன் என்று பிலிமோன் போர்வையைத் தூக்கினார்.

கருகிப்போன ஒரு பானை. அதற்குப் பின்னால் கருகிப்போன இன்னொரு பானை.

"திரிபான் கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே" என்றார் விரல் சுட்டவர். "நேத்துலேர்ந்து சமைக்கிறோம். இது மூணாவது தடவைதான் ஓரளவு வந்துச்சு."

"உங்க ஊர்ப் பொம்பளைங்க எங்கய்யா?"

"எங்க இருப்பாங்க? பாதிப் பேர் இத்தாலில கிழவங்களைப் பாத்துக்குறாங்க. மீதிப் பேர் கல்லறையில. அந்த மீன் டப்பா பாத்தீங்களா? எங்க சபை ஆள் வாசிலே வெச்சிருந்தது. சோவியத் காலத்துலேர்ந்து. நல்ல நாள் வரட்டும்னு வெச்சிருந்தான்."

பிலிமோன் போர்வையைத் திரும்பப் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரியாக மூடினார். மேஜைக்குத் திரும்பிச் சூப்பை வாயில் வைத்தார். மூன்று பேரும் தனித்தனியாக உப்புப் போட்டிருந்தார்கள். களியின்மேல் பேர் எழுதலாம் போல இருந்தது; கல்லறைக்கு மேலே வைக்கலாம். திரிபான் எதிரே உட்கார்ந்து விருந்தாளிகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது.

இல்லாமையைக் காட்டுவதற்காகப் போட்ட மேஜை இல்லை அது. இவர்களும் விருந்துதான் வைத்திருக்கிறார்கள். இருந்ததை எல்லாம் வைத்திருக்கிறார்கள். இவர்களுடைய பிரிகேடியர் அந்த மீன் டப்பா.

சாப்பிட்டு முடித்ததும் ஹெங்க் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, திடமாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார். வில்லெமின் அம்மா கரண்டியை வைத்தார். மெதுவாகப் பேசினார், வேத்தா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நேத்துப் பாத்ததை நான் அப்படியே நம்பிட்டேன். இன்னைக்குக் காலையில எவ்தோக்கியா எங்களுக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தாங்க. நீங்க சாப்பிடலையான்னு கேட்டேன். உபவாசம்னாங்க. உங்க சபையில செவ்வாய்க்கிழமை உபவாசம் உண்டா?"

பிலிமோன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கோழிக்கூண்டு காலியா இருந்துச்சு. நிலவறையும் காலி. ஆக எனக்கு இப்ப எது இல்லாமை, எது அதிகமான இல்லாமைன்னு தெரியலை. அடுப்பு ஒண்ணுதான். நாம கூட்டாளிச் சபைன்னு கடிதத்துல எழுதிக்கிறோம். அப்போ நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. எங்க வைக்கலாம்?"

பிலிமோனுக்கு 'எங்கள் ஊரில்' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பச்சை மாவு தின்ற பிந்தீலியைச் சொல்ல வேண்டும். ஆனால் வாய் என்பது வளர்ந்தபடி பேசும். "இவங்களுக்கே குடுங்க" என்றது வாய்.

"சேச்சே" என்றான் திரிபான். "முதல்ல கேட்டது சல்கிமேனி. அவங்களுக்கே குடுங்க."

ஹெங்க் அளவு நாடாவை வெளியே எடுத்தார். யார் பேச்சைக் கேட்டு எங்கே அளப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார். வில்லெமின் வேத்தாவைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா, இன்னும் முடியலை" என்றாள் வேத்தா.

"இல்ல திரிபான், புகைபோக்கி இங்கதான் நல்லாருக்கு. உங்களுக்கே இருக்கட்டும்."

"புகைபோக்கி கிடக்குதுடா. சமைக்கத் தெரிஞ்ச கை உங்க ஊர்லதான். உங்களுக்கே."

அவரும் இரண்டு தடவை கொடுத்தாயிற்று, அவனும் இரண்டு தடவை கொடுத்தாயிற்று. மரியாதையும் பழக்கமும் தீர்ந்துவிட்டன. இனிமேல் யார் வாயைத் திறந்தாலும் அது மெய். பின்கட்டுக் கிழவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். சுவரில் இருந்த முள்ளம்பன்றிகளும் கவனித்தன.

பிலிமோன் சும்மா இருந்தால் போதும். திரிபானை அவர் பட்டாளத்திலிருந்து அறிவார். கடைசித் துண்டு ரொட்டியை மூன்றாவது தடவை நீட்டக்கூடிய முட்டாள் அவன். இதோ அவன் டையைத் தளர்த்துகிறான். உதடு பிரிகிறது. அடுப்பு சல்கிமேனிக்கு வரப்போகிறது.

"திரிபான், அடுப்பு உங்களுக்குத்தான்" என்றார் பிலிமோன்.

முந்திக்கொண்டது அன்பா, போட்டியா என்று பிற்பாடு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரோட்டில் தோற்ற ஊர்க்காரர். ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டாமா. ஆனால் கண்ணுக்கு முன்னால் நின்றது கருகிய பானைகள்தான்.

வேத்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப முடிஞ்சுதும்மா. இங்கதான்" என்றாள். ஹெங்க் நாடாவை இழுத்துக்கொண்டு சுவரை நோக்கி ஓடினார்.

திரிபான் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது கோபமாக இருந்தான். "அறிவிருக்காடா உனக்கு? உப்பு போடத் தெரியாத எங்ககிட்ட அடுப்பைக் குடுத்துட்டு, உன் கிழவங்களுக்கு என்ன குடுப்பே?"

"எங்க பொம்பளைங்க இங்க வந்து சமைப்பாங்க. உன் டிராக்டர் வண்டியில வைக்கோலைப் போட்டு, தினம் எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றே."

"உங்க பொம்பளைங்க கிட்ட கேட்டியா?"

"கேக்கணும்."

"அக்சீனியா கிட்டயா?"

"ஆமா."

"அப்போ இன்னும் கொஞ்சம் சூப்பு சாப்பிட்டுட்டுப் போ. கடைசிச் சாப்பாடு" என்றான் திரிபான்.

சல்கிமேனியில் பெண்கள் ஜெபவீட்டில் காத்திருந்தார்கள். நேற்றைய மிச்சத்தைக் கிழடுகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிந்தீலி ஒரு அடையின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பிலிமோன் விஷயத்தைச் சொன்னார்.

"குடுத்துட்டீங்க" என்றாள் அக்சீனியா.

"குடுத்துட்டேன்."

"கிந்தேனிக்கு."

"ஆமா."

"மூணாவது தடவையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அக்சீனியா கையிலிருந்த அகப்பையை எங்கே வைப்பது என்று யோசிப்பது போல அவர் தலையைப் பார்த்தாள். எவ்தோக்கியா அக்கா எழுந்து நின்றாள். "என் பிரிகேடியரை அடிச்சுப் போட்டேன் தம்பி" என்றாள்.

பிலிமோன் தன்னிடம் இருந்த ஒன்றை மட்டும் சொன்னார். "அக்கா, அவங்க சூப்புல வெங்காயம் வதக்கலை."

"என்ன?"

"பச்சையாவே போட்டிருக்காங்க. மூணு பேரு, மூணு தடவை உப்பு. பீன்ஸை ஊறவைக்கணும்னே தெரியலை. களி, என்ன சொல்ல, ஹெங்க் ஐயா அதை அறுக்கப் போய்க் கத்தி வளைஞ்சுடுச்சு. ரெண்டு பானை கருகிப் போச்சு. வெட்கப்பட்டுப் போர்வை போட்டு மூடி வெச்சிருந்தாங்க."

பெண்களின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அடுப்புப் போனதைத் தாங்கிக்கொண்டவர்களால் இதைத் தாங்க முடியவில்லை.

"தினமும் அதையா திங்கிறாங்க?" என்றாள் அக்சீனியா.

"தினமும்."

"வெங்காயம் வதக்காம?"

"வதக்காம."

"கிந்தேனிக்காரங்களைப் பத்தி எனக்கு எப்பவும் நல்ல எண்ணம் கிடையாது. ஆனா இவ்வளவுக்கு நினைக்கலை" என்றாள் எவ்தோக்கியா. தடியை எடுத்துக்கொண்டாள். "அடுப்பு எப்ப வருது?"

முதல் பனி விழுந்த வாரம் அடுப்பு வந்தது. அதை இறக்கக் கிந்தேனி ஆண்கள் எல்லோரும் வேண்டியிருந்தார்கள். அதாவது, நாலு பேர். ஹெங்க் வந்து குழாய் மாட்டினார். எவ்தோக்கியா முதல் வேலையாக ஏப்ரன் கட்டிய கிழவர்களைச் சமையற்கட்டிலிருந்து விரட்டினாள். அன்றிலிருந்து அந்த வாசற்படியை அவர்கள் விறகோடு மட்டுமே மிதிக்கலாம். விரல் சுட்டவரை, கொஞ்ச நாள் கழித்து, வெங்காயம் உரிக்க அனுமதித்தாள். அவர் பேசிக்கொண்டே உரிப்பார், அவள் திட்டிக்கொண்டே வதக்குவாள். வாத்து இருந்த காலத்தைவிட வீட்டுக்கு லேட்டாகவே திரும்பினாள்.

முதல்நாள் மத்தியானம் சல்கிமேனிக் கிழடுகளை வைக்கோல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிந்தீலி இறங்கமாட்டேன் என்றார். ரோட்டைத் தின்ற ஊரில் கை நனைப்பதா என்று கேட்டார். திரிபானும் பிலிமோனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இறக்கினார்கள். கூடத்துக்குள் வந்ததும் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. கடைசியில் போன நவம்பரிலிருந்து கழற்றாத தொப்பியைக் கழற்றினார். அதற்குள் முடி என்று ஒன்று இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அக்சீனியா கிண்ணத்தை முன்னால் வைத்தாள். ஆவி அவர் முகத்தை மறைத்தது. பிலிமோன் பக்கத்தில் உட்கார்ந்து தன் சூப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு, பெரியவரே?"

பிந்தீலி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கிந்தேனியில உக்காந்து சாப்பிடறது கேவலம்தான்" என்றார். "ஆனா சூடா இருக்கு. பாத்துட்டே இருக்காம அந்தக் களியை இங்க தள்ளு."